கடலில் விட்டுவந்த கயிறுகள்

விருதுநகரில் பிறந்து விருதுநகரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கடல் எனக்கு ஏர்வாடி தர்காவுக்குப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வரும் ஒன்று, அவ்வளவுதான். காலைக்கூட முழுசாக நனைத்ததில்லை. அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் நோன்பு மாதத்தில், வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், ஒரு சின்ன வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் உட்கார்ந்திருந்தேன். என் கையால் வளையம் கோத்த கயிற்றில் ஆவுளியா என்கிற கடல்பசு ஒன்று செத்துத் தொங்கியது.

எங்களுக்குக் கயிற்றுக்கடை. மிளகாய் மூட்டை தைக்கிற சணலிலிருந்து லாரியில் பாரம் கட்டுகிற நைலான் கயிறு வரைக்கும் வைத்திருப்போம். விஸ்வநத்தத்திலும் ஏழாயிரம்பண்ணையிலும் இருக்கிற வெடிக் கம்பெனிகளுக்கு, அணுகுண்டு வெடியைச் சுற்றிக் கட்டுகிற சணல் எங்கள் கடையிலிருந்து போகும். கணவர் எனக்கு மாமி மகன். கல்யாணத்துக்கு முன்னும் மச்சான், பின்னும் மச்சான். தீபாவளி சீசன் வந்துவிட்டால் அவரைச் சோற்றுக்குப் பிடிப்பது கஷ்டம் என்பதால் நானும் மதியத்துக்கு மேல் கடையில் போய் உட்காருவேன். இரண்டு மூன்று வருஷத்தில் எனக்கும் கயிறு பழகிவிட்டது. முப்புரிக் கயிற்றின் நுனியைப் பிரித்து, புரிகளைத் திரும்பவும் கயிற்றுக்குள்ளேயே கோத்து வளையம் போடுவதற்குக் கண்ணி போடுவது என்று பெயர். கடையில் என்னைவிட நன்றாகக் கண்ணி போட ஆள் இல்லை என்று மச்சான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

என் தம்பி இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். கடல் அலையிலிருந்து கரண்ட் எடுக்கிற கம்பெனி. அந்த வருஷம் ஊரெல்லாம் மின்வெட்டு. சிவகாசியில் பிரஸ்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்தால் இதே பேச்சுதான்.

“காத்தாடிய நம்ப முடியாதுக்கா. காத்து நின்னா அதுவும் நின்னுரும். அலை என்னிக்காவது நின்னு பாத்திருக்கியா?”

“நான் கடலையே நின்னு பாத்ததில்லை,” என்றேன்.

“வா, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

வேம்பாருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் சோதனைக்காக ஒரு மிதவையை விடப் போகிறார்கள் என்று சொன்னான். இரும்பில் செய்தது. எங்கள் வீட்டு அடுப்படி அளவு இருக்கும். அலையில் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கிற மெஷின் சுற்றும். அது ஓடிப்போகாமல் இருக்க, கடலடியில் நாலு மூலையிலும் கான்கிரீட் கட்டைகளை இறக்கி, கட்டைக்கு ஒரு கயிறாக நாலு கயிறு கட்ட வேண்டும். கயிறு நம்ம கடையில்தான் வாங்க வேண்டும் என்று மேனேஜரிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மச்சான் கயிற்றை வெளியூரிலிருந்து ஆர்டர் போட்டு வரவழைத்தார். என் மணிக்கட்டுக் கனம் இருந்தது. மொட்டைமாடியில் விரித்துப்போட்டு நானும் தம்பியும் உட்கார்ந்து ஒவ்வொரு நுனியிலும் கண்ணி போட்டோம். அவன் புரிகளைப் பிரித்துக் கொடுப்பான், நான் கோத்து இறுக்குவேன். உள்ளங்கை சிவந்துபோகும். மச்சான் மேலே வந்து, போட்ட கண்ணியில் காலைக் கொடுத்து இழுத்துப் பார்ப்பார்.

“யானையக் கட்டினாலும் அறாது. மாப்பிள்ளை, உங்க மெசின் போனாலும் போகும், கயிறு போகாது.”

“இம்புட்டு நீளம் எதுக்குடா?” என்று தம்பியைக் கேட்டேன். “ஆழம் கம்மின்னுதானே சொன்னே.”

“விறைப்பாக் கட்டினா அலை தூக்கும்போது தெறிச்சிரும்க்கா. தொய்வா விடணும். மாட்டுக்கு மேய விடுற மாதிரி.”

மாசி மாதத்தில் மிதவையைக் கடலில் இறக்கினார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்களும் போயிருந்தோம். கரையில் பந்தல் போட்டு ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். மீன் குறையுமா என்று ஒருவர் கேட்டார். குறையாது, மிதவையைச் சுற்றி மீன் வந்து அணையும் என்று தம்பி பதில் சொன்னான். ஷாக் அடிக்குமா என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வலை மாட்டினால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். மிதவையைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு வலை போடாதீர்கள் என்றார் மேனேஜர். தண்ணீருக்குள் இருந்துகொண்டு மூச்சுக்கு மேலே வருகிற உயிர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்படி உயிர்கள் அங்கே இருப்பதே தெரியாது. தம்பிக்குப் படித்துத் தெரியும். மீனவர்களுக்குப் பார்த்தே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பேச்சு எழவில்லை.

அங்கேதான் வள்ளக்கார அண்ணன் பழக்கமானார். கம்பெனி ஆட்களை மிதவைக்குக் கூட்டிக்கொண்டு போய் வர அவருடைய வள்ளத்தைப் பேசியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அவர் வீட்டில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கிடைத்தது.

ஆடிக் காற்றில் மிதவையின் ஒரு பக்கம் விரிசல் விட்டது. பழுது பார்க்க வேண்டும் என்று அதைக் கழற்றிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கயிறுகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, திரும்ப வந்து மாட்டத்தானே போகிறோம், அப்படியே இருக்கட்டும் என்றார் மேனேஜர். நாலு கயிற்றின் மேல்நுனியிலும் அடையாளத்துக்கு ஒவ்வொரு நீலக் கேனைக் கட்டி மிதக்க விட்டுவிட்டு வந்தார்கள். இதையெல்லாம் தம்பி சோறு தின்றுகொண்டே என்னிடம் சொன்னான். நான் அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். “நல்ல கயிறுடா, பாத்துக்க, எவனும் அறுத்துட்டுப் போயிறப் போறான்,” என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் கம்பெனி அந்தப் பக்கம் போகவில்லை. மிதவை கரையில் துருப்பிடித்துக்கொண்டு கிடந்தது. தம்பியைக் கோயம்புத்தூர் ஆபீசில் உட்கார வைத்தார்கள். நோன்புக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் வள்ளக்கார அண்ணனின் போன் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான்.

“நம்ம கயித்துல ஏதோ பெருசா மாட்டிக் கிடக்காம்க்கா.”

மச்சான் கடையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு நானும் தம்பியோடு கிளம்பினேன். எதற்காகப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம்ம கயிறு என்று அவன் சொன்னானே, அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

வள்ளத்தில் போகும்போது தூரத்திலேயே கேன்கள் தெரிந்தன. மூன்று மேலே ஆடிக்கொண்டிருந்தன. நாலாவது பாதி முங்கியிருந்தது. கிட்டே போனதும் அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளினார். கயிற்றைச் சுற்றி ஒரு பழைய வலை, பாசி பிடித்துப் பச்சையாகப் புரண்டு கிடந்தது. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு. முதலில் நான் தண்ணீர் நிரப்பிய தோல்பை என்றுதான் நினைத்தேன். பிறகு முகம் தெரிந்தது. கீழ்நோக்கி மடங்கிய அகலமான வாய். சின்னச் சின்னக் கண், மூடியிருந்தது. கை மாதிரி இரண்டு துடுப்பு. ஒரு துடுப்பின் மேல் வலையும் கயிறும் சேர்ந்து முறுக்கிச் சதையை அறுத்திருந்தது.

“ஆவுளியா,” என்றார் அண்ணன். “கடப்பசுன்னு சொல்வாகளே, அது. அடியில புல்லு மேயும். மூச்சுக்கு மேல வரணும். வர முடியல போல.”

தம்பி கத்தியை எடுத்து வலையையும் அதோடு முறுக்கிய கயிற்றையும் அறுக்கத் தொடங்கினான். உடம்பு கொஞ்சம் புரண்டபோது துடுப்புக்கு அடியில், அக்குளில், மார்பு இருந்தது. நமக்கு இருப்பது மாதிரியே. பால் கட்டி விம்மியிருந்தது. நான் அப்போது என் கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிக்கொண்டேன். திரும்பின பக்கத்தில் தண்ணீர் மெல்லப் பிளந்து ஒரு சின்ன மூக்கு மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனது.

“குட்டி,” என்றார் அண்ணன். “காலையில இருந்து இங்கனயேதான் சுத்திக்கிட்டு இருக்கு.”

“இத என்ன செய்யிறதுண்ணே?”

“என்னத்தச் செய்ய. அம்மா இல்லாம இது…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தம்பி வள்ளத்திலிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டான். அவர் பேசியது எனக்கும் கேட்டது. எதையும் தொடாதீர்கள், அது நம் கயிறு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், மழைக்காலம் கழிந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்றார். தம்பி சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“வனத்துறைக்குச் சொல்லணும்ல?” என்று கேட்டேன்.

வள்ளக்கார அண்ணன் கையில் இருந்த துடுப்பைக் கீழே வைத்தார். “தங்கச்சி, சொன்னா முதல்ல என்னயத்தான் பிடிப்பாக. இதத் தொட்டாலே கேஸு. வலை எங்க ஊர் வலை. கயிறு ஒங்க கயிறு. கயித்துக்கு யாரு கேஸு போடுவா?”

பிறகு அவராகவே சொன்னார். “இந்த வலை இங்கன தொங்குறது எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். யாரோ விட்ட வலை, ஆடிக் காத்துல வந்து சுத்திக்கிச்சு. வலையச் சுத்தி மீனு நல்லா அணைஞ்சுது. ஒங்களுக்குச் சொன்னா வந்து எடுத்துருவீக, மீனு போயிரும்னு நாந்தான் பேசாம இருந்துட்டேன்.”

தம்பி அவரைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். “நானும் வந்து பாத்திருக்கணும்ணே,” என்றான். தாயின் வாலில் கயிறு கட்டி மெதுவாகக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனோம். குட்டி பின்னாலேயே வந்தது. ஆழம் குறையக் குறையப் பின்தங்கியது. ஒரு இடத்தில் அது மூச்சுக்கு மேலே வந்ததைப் பார்த்தேன். அப்புறம் காணவில்லை.

வனத்துறைக்கு நான்தான் சொன்னேன். அண்ணன் சாய்ந்தரம் வரை தாமதிக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அண்ணனைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் குறுக்கே போய், “சார், வலை அந்தக் கயித்துல மாட்டி நின்னதாலதான் இது ஆச்சு. கயிறு எங்க கடைக் கயிறு. இன்னும் மூணு உள்ள கிடக்கு,” என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கயிறு மட்டும் கிடந்தால் இது சாகாதேம்மா, வலையில் சிக்கித்தானே செத்திருக்கிறது என்றார். அவர் சொன்னது தப்பும் இல்லை. வலை நிற்க இடம் கொடுத்தது கயிறு. ஆனால் பெயர் வலைக்கு வந்தது. அண்ணன் சில தடவை ஆபீசுக்கு அலைந்தார். கடைசியில் வலை அவருடையது இல்லை என்று விட்டுவிட்டார்கள். என் பெயர் எங்கேயும் வரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து நோன்பு திறந்தபோது பேரீச்சம்பழத்தைக் கடித்துப் பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டேன். மச்சான் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் சொல்கிறதைத்தான் அவரும் சொன்னார்.

“நாம கயிறு வித்தோம். அம்புட்டுதான். சணலும்தான் விக்கிறோம். பட்டாசுக் கம்பெனியில வெடிச்சு ஆள் செத்தா நம்மளத் தேடி யாராவது வாராகளா?”

அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடித்து உயிர்போன செய்தி வரும்போதெல்லாம் நானும் கல்லாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டியிருக்கிறேன். வெடிக் கம்பெனி வேனில் விடிகாலை வேலைக்குப் போகிற பெண்களின் முகம் நினைவுக்கு வரும். அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த லோடுக்குச் சணல் எடுத்து வைத்திருக்கிறேன். நாம் விற்றது சணல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட வேண்டியிருந்ததில்லை. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிறவியிலேயே தெரிந்த சமாதானம். அந்த ராத்திரி அது எனக்கு உதவவில்லை. பெண்கள் செத்தபோது வராத உறுத்தல் ஒரு கடல்பசு செத்தபோது ஏன் வந்தது என்று யோசித்தால் இன்னும் கூச்சமாக இருந்தது. கண்ணால் பார்த்ததுதான் காரணம் போல.

“இன்னும் மூணு கயிறு உள்ள இருக்கு மச்சான்,” என்றேன். “கூடவே ஒண்ணு அறுத்த மிச்சம். அந்தக் குட்டி அங்கனதான் சுத்தும்.”

“கம்பெனிக்காரன் கயிறு. நாம எப்படித் தொட?”

“கண்ணி போட்டது நான்.”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு இருந்தது. அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. “நீ வர வேண்டாம், நான் போறேன்,” என்றேன். அப்படிச் சொன்னதே ஒரு கட்டாயம்தான் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் மச்சான் கடையைப் பூட்டினார். சீசனில் கடை பூட்டியிருப்பதைப் பார்த்து யார் தவறிவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் விசாரித்தார்கள். அவர் கயிறு அறுக்கிற கத்தி இரண்டை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். தம்பியும் வந்தான்.

வள்ளக்கார அண்ணன் எங்களைப் பார்த்து முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று நினைத்தேன். என்னால்தான் அவர் விசாரணையில் மாட்டியிருந்தார். “நோன்புக்காரக, வெயில்ல வந்திருக்கீக,” என்று மட்டும் சொன்னார். சங்கு குளிக்கிற தன் மச்சினனைக் கூப்பிட்டுக்கொண்டார். மச்சினன் முங்கிப் போய்க் கட்டைக்குப் பக்கத்தில் கயிற்றை அறுப்பார். மேலே நாங்கள் இழுப்போம். மச்சானின் கத்திகளில் ஒன்று கடலுக்குள் விழுந்துவிட்டது. இரண்டாவது கயிற்றிலும் வலை இருந்தது. அதில் நண்டும் அழுகின மீனும் மாட்டியிருந்தன. என்னால் நாற்றம் தாங்க முடியவில்லை. தம்பி மேலே வந்த கயிற்றை ஒவ்வொன்றாகச் சுருட்டினான். கடலில் கிடந்தும் ஒரு புரிகூட விடவில்லை. கண்ணிகள் நான் போட்டபடியே இருந்தன.

அவன் ஒரு கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். “எல்லாத்துக்கும் கணக்குப் போட்டேன்க்கா. புயல் வந்தா, கயிறு அறுந்தா, கட்டை நகந்தா. அறாம இருந்தா என்ன ஆகும்னு போடலை.”

நான் அவன் முதுகில் கை வைத்தேன். அவன் கையைத் தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

குட்டியைத் தேடினோம். கரையோரமாகப் புல் இருக்கிற பக்கமெல்லாம் வள்ளத்தை விட்டுப் பார்த்தார் அண்ணன். கண்ணில் படவில்லை. வேறு எங்கேயாவது கூட்டத்தோடு சேர்ந்திருக்கும் என்றார் மச்சினன். இப்போதெல்லாம் கூட்டமாக ஏது என்று அண்ணன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டுவிட்டது.

கயிற்றைக் கம்பெனியிடம் ஒப்படைத்தோம். கேட்காமல் எடுத்ததற்குத் தம்பிக்குக் கடிதம் வந்தது. தீபாவளிக்கு முன்னாலேயே அவன் வேலையை விட்டான். பிறகு கயத்தாறு பக்கம் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். இப்போதும் அதே மாதிரி வேலைதான். பெருநாளுக்கு வருவான். எல்லாம் பேசுவான். அலையைப் பற்றி மட்டும் பேச்சை எடுப்பதில்லை. அவனுடைய ஆசையை நான்தான் கெடுத்தேனோ என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. அலையிலிருந்து கரண்ட் எடுப்பது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அதையும் அவனிடம் இதுவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வள்ளக்கார அண்ணன் விருதுநகருக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர் அப்படியே கடைக்கும் வந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வைத்தேன். மச்சானும் அவரும் கல்யாணப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கை கழுவப் போகும்போது என்னிடம் நின்று சொன்னார்.

“தங்கச்சி, போன மாசம் புல்லு கிடக்குற பக்கம் ஒரு ஆவுளியாவப் பாத்தோம். சின்னது. தனியாத்தான் மேஞ்சுது.”

“அதுதானாண்ணே?”

“அதாத்தான் இருக்கும்.”

அவர் கண்ணைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்கிறாரா, சாப்பாடு போட்ட வீட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பால் மறக்காத குட்டி தாயில்லாமல் எப்படிப் பிழைத்திருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, பெண்ணுக்கு எடுத்த சேலையைக் காட்டப் பையைப் பிரித்தார். அரக்கு நிறம், மெலிசான கரை. நன்றாக இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை. அவர் அதைக் கவனிக்காத மாதிரி சேலையை மடித்து உள்ளே வைத்தார்.